டால்ஸ்டாய்ப் பண்ணையில் காந்தியடிகள்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் நெடுஞ்சாலையில் அருள்புரம் என்னும் ஊர் அமைந்துள்ளது. பனியன் தொழில் அவ்வட்டாரமெங்கும் பரவியதன் பயனாக, வடமாநிலங்களிலிருந்தும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் வேலை தேடி வந்த மக்கள் அப்பகுதியில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருக்கின்றனர். ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காது. ஒருவர் உணவு மற்றவர்க்கு ஒவ்வாது. இத்தகைய இடங்களில் தண்ணீர்க் குழாயடியிலும் குப்பை கொட்டும் இடத்திலும் பூசல் எழுவது உலக இயல்பே. தையற்பொறியின்முன் முதன்முறையாக அமரும் இளைஞனுக்கு நூல் கோக்கவும் தெரியாது. துணியைப் பிடிக்கும் வகையும் தெரியாது. அவனைக் கடிந்துகொள்ளும் மேற்பார்வையாளரிடம் அவன் கற்பது அச்சம் ஒன்றே. அடுத்த பொறியில் அமர்ந்து, அவன் காணும்படி சற்று மெல்லத் தைத்துக் காட்டும் மூத்த தொழிலாளியிடமே அவன் தொழிலைக் கற்கின்றான்.

பல நாட்டினர், பல மொழியினர், பல சமயத்தினர் ஓரிடத்தில் வந்து கூடும்போது, புதியவர்களை அவ்விடத்து வாழ்வுக்குப் பழக்குவது எங்ஙனம் என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவுக்கு விடை காணத் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர் காந்தியடிகள். அவர் அடக்குமுறையை எதிர்த்து நின்ற வீரத்தை உலகம் நன்கு அறியும். சமையற்கட்டிலும் கிணற்றடியிலும் கழிவறையிலும் அவர் நடத்திய பள்ளியை அறிந்தோர் அத்துணைப் பேர் இலர்.

1869ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், 1888இல் இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று, 1891இல் பாரிஸ்டராகத் திரும்பினார். 1893இல் ஒரு வணிகரின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றவர், அங்கு வாழ்ந்த இந்தியர் படும் இழிவைக் கண்டு, அவர்களுக்காகவே அந்நாட்டில் தங்கிவிட்டார். பிறரைத் திருத்தும் கலை அவருக்குப் பிறவியிலேயே வாய்த்ததன்று. கடுஞ்சினமும் பிடிவாதமும் இளமையில் அவரிடம் மிகுதியாகவே இருந்தன. இதனை அவரே தம் வரலாற்றில் மறையாது எழுதியுள்ளார்.

1898ஆம் ஆண்டில் டர்பன் நகரத்தில் அவர் வழக்கறிஞராக விளங்கினார். அலுவலக எழுத்தர்கள் சிலர் அவர் இல்லத்திலேயே குடும்பத்தினர்போலத் தங்கியிருந்தனர். மேல்நாட்டு முறையில் கட்டப்பட்ட அவ்வீட்டின் அறைகளில் கழிவுநீர் செல்ல வழியில்லை; ஒவ்வோர் அறையிலும் ஒரு கலம் வைக்கப்பட்டிருக்கும். பழகிய எழுத்தர்கள் தத்தம் கலத்தைத் தாமே தூய்மை செய்தனர். ஒருநாள் புதியவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் கிறித்தவர், தீண்டத்தகாதவர் என்று அக்காலத்தார் ஒதுக்கிவைத்த குடியில் பிறந்தவர். வந்த புதிதில் அவர் கலத்தைத் தூய்மை செய்வது வீட்டாரின் கடமை என்பது காந்தியடிகளின் கொள்கை. கஸ்தூரிபா அம்மையாருக்கோ அது தாங்கொணாத் துன்பமாயிற்று. கணவர் அதனைச் செய்வதைக் காணவும் அவருக்கு மனமில்லை. தாம் செய்யவும் மனமில்லை. கண் சிவக்க, நீர் வழிய, கலத்தைக் கையில் ஏந்தி அவர் படியிறங்கி வந்தார்.

செய்தால் மட்டும் போதாது, முகமலர்ச்சியோடு செய்ய வேண்டும் என்று காந்தியடிகள் உரத்த குரலில் கடிந்துரைத்தார். அம்மையாரும் பொறாது, வீட்டை நீரே வைத்துக்கொள்ளும், என்னைப் போகவிடும் என்னும் பொருள்பட மறுமொழி கூறினார். சினம் தலைக்கேறிய கணவர் மனைவியின் கையைப் பற்றி வாயில்வரை இழுத்துச் சென்று, வெளியே தள்ளும் எண்ணத்தோடு கதவைத் திறந்தார். பெற்றோரும் உற்றாரும் இல்லாத அயல்நாட்டில் தாம் எங்கே செல்வது என்றும், பிறர் காணுமுன் கதவை மூடுமாறும் அம்மையார் அழுதுகொண்டே கூறினார். அப்பொழுதுதான் காந்தியடிகளுக்கு நாணம் பிறந்தது. கதவு மூடப்பட்டது. புதியவர் ஒருவருக்கு அன்பு காட்டும் பொருட்டு, தம்மோடு வாழும் ஒருவரை வன்மையால் வருத்திய அந்த நாளை அவர் இறுதிவரை மறக்கவில்லை. ஏவிப் பணிகொள்வதன் பயன் எத்தகையது என்பதை அவர் முதலில் கற்றது அந்த வாயிற்படியில்தான் எனலாம்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1901ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அம்மன்றத்துக்குக் காந்தியடிகள் அப்போது புதியவர். பிரதிநிதிகள் தங்கியிருந்த இடத்தில் கழிவறைகள் மிகச் சில. அவையும் அருகில் செல்ல இயலாத நிலையில் இருந்தன. தொண்டர்களிடம் அவர் அதனைச் சுட்டிக்காட்டினார். அது தங்கள் வேலையன்று, தோட்டியின் வேலை என்று அவர்கள் தயங்காது கூறிவிட்டனர். காந்தியடிகள் ஒரு துடைப்பம் கேட்டார். கேட்கப்பட்டவர் வியந்து நோக்கினார். எவ்வாறோ ஒன்றைத் தேடிப் பெற்றுத் தாம் பயன்படுத்தும் கழிவறையைத் தாமே தூய்மை செய்தார். அம்மாநாட்டில் தமிழ்நாட்டுப் பிரதிநிதிகளுக்கெனத் தனிச் சமையலறை ஒன்று தொலைவில் தட்டி அடைத்துக் கட்டப்பட்டிருந்தது. தாம் உண்பதைப் பிறர் கண்ணால் காண்பதும் தீட்டு என்று அவர்கள் கருதினராம்! நாட்டின் விடுதலையைப் பேச வந்தவர்கள் இவ்வாறு தட்டிக்குள் மறைந்து உண்டது இன்று நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். அன்று அது பெருமையாகவே கருதப்பட்டது.

காந்தியடிகள் துடைப்பம் ஏந்தியதைக் கண்டு அம்மாநாட்டில் எவரும் அவரைப் பின்பற்றி வந்துவிடவில்லை. அந்தத் துர்நாற்றத்தைப் பிறர் பொருட்படுத்தியதாகவும் தோன்றவில்லை. ஒருவர் செய்து காட்டிய அளவிலேயே ஊர் திருந்திவிடும் என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். சில நாள் கூடிக் கலையும் கூட்டத்தில் விதை ஊன்றலாம். விளைச்சல் காண இயலாது. ஒன்றாக உண்டு, ஒன்றாக உழைத்து, பல மாதம் சேர்ந்து வாழும் இடம் ஒன்று வேண்டும். அத்தகைய இடம் 1910இல் வாய்த்தது.

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில் வாழ்ந்த இந்தியர் யாவரும் கைரேகை பதித்துப் பதிவுச் சீட்டுப் பெற வேண்டும் என்று 1907இல் சட்டம் நிறைவேறியது. இந்தியர்கள் அதனைக் கறுப்புச் சட்டம் என்று அழைத்தனர். அதனை எதிர்த்துக் காந்தியடிகள் தலைமையில் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. ஆடவர் சிறை புகுந்தபின் அவர்தம் மனைவியரையும் மக்களையும் காப்பாற்றும் பொறுப்பு இயக்கத்தின்மேல் விழுந்தது. முதலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் திங்கள்தோறும் பணம் வழங்கப்பட்டது. கையிருப்புக் கரையத் தொடங்கவே, அனைவரும் ஓரிடத்தில் கூடி வாழ்ந்து, எளிய முறையில் உழைத்து உண்பதே வழி என்று காந்தியடிகள் கண்டார். 1904இல் அவர் நிறுவிய பீனிக்ஸ் குடியிருப்போ டர்பன் அருகே நெடுந்தொலைவில் இருந்தது.

அந்நிலையில் உதவ முன்வந்தவர் ஹெர்மன் காலன்பாக் என்னும் கட்டடக்கலை வல்லுநர். அவர் செருமானிய நாட்டிலிருந்து வந்த யூதர்; செல்வர்; காந்தியடிகளின் உற்ற நண்பர். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், லாலி என்னும் ரயில் நிலையத்துக்கு அருகே 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, 1910ஆம் ஆண்டு மே மாதத்தில் வாடகையின்றிப் போராட்டக் குடும்பங்களின் பயனுக்கு அளித்தார். ஏறத்தாழ ஆயிரம் பழமரங்களும் இரண்டு கிணறுகளும் ஒரு சிறு நீரூற்றும் ஒரு சிறு வீடும் அங்கிருந்தன. உருசிய நாட்டுப் பேரறிஞர் டால்ஸ்டாயின் பெயர் அப்பண்ணைக்குச் சூட்டப்பட்டது.

அங்கு வந்து சேர்ந்தவர் யாவர்? குஜராத்தியர் இருந்தனர்; தமிழர் இருந்தனர்; தெலுங்கர் இருந்தனர்; வடநாட்டார் இருந்தனர். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், கிறித்தவர்கள் என நான்கு சமயத்தாரும் இருந்தனர். இளைஞர் நாற்பதின்மர், முதியோர் இருவர் மூவர், பெண்டிர் ஐவர், சிறுவர் சிறுமியர் இருபது முப்பதின்மர் என அவர்தம் தொகை அமைந்தது. பெரும்பாலோர் நகரத்தில் வாழ்ந்து பழகியவர்கள். மண்வெட்டி பிடித்தறியாத கைகள் பல. பணியாள் என்று ஒருவரும் அப்பண்ணையில் இல்லை. உழவும் கட்டடமும் சமையலும் கழிவகற்றலும் குடியிருப்போரின் பொறுப்பே ஆயின. மதுவும் புகையும் கூடா என்பது விதி.

முதலில் எழுந்தது உணவுச் சிக்கல். காந்தியடிகளும் காலன்பாக்கும் புலால் உண்ணாதவர்கள். கிறித்தவப் பெண்டிரும் வேறு சிலரும் பிறந்த நாள்முதல் புலால் உண்டு வளர்ந்தவர்கள். கணவரும் மைந்தரும் சிறையிலிருக்க, துன்பக் காலத்தில் அடைக்கலம் தேடி வந்தவர்களிடம், நீவிர் உண்பதை விடுக என்று கூறுவது எங்ஙனம் தகும்? அவர்கள் மாட்டிறைச்சி கேட்பினும் அதனையும் அளிப்பதே தம் கடமை என்று காந்தியடிகள் தம் உள்ளத்தில் உறுதி செய்துகொண்டார். அவ்வாறு உறுதி செய்துகொண்ட பின்னரே அப்பெண்டிரிடம் சென்று, நிலைமையை உள்ளவாறு எடுத்துரைத்தார். இசையாவிடினும் குறையொன்றும் நேராது என்பதை அவர்கள் உணருமாறு அன்போடு பேசினார். முஸ்லிம் நண்பர்கள் முன்னரே இசைந்திருந்தனர். அப்பெண்டிரும் மகிழ்வோடு இசைந்தனர். பண்ணை முழுமைக்கும் ஒரே அடுப்பு எரிந்தது. அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். உண்டபின் தத்தம் தட்டைத் தாமே கழுவினர். சோறு, பருப்பு, காய்கறி, ரொட்டி, கஞ்சி என்பவையே உணவு. கோதுமையைக் கையால் சுழற்றும் எந்திரத்தில் அரைத்து ரொட்டி சுட்டனர். கல்கத்தாவில் தட்டிக்குள் மறைந்து உண்ட தமிழ்ப் பிரதிநிதிகள் இவ்வரிசையைக் கண்டிருப்பின் என் சொல்லியிருப்பரோ!

நீரூற்று, குடியிருக்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 500 கெச தூரத்தில் இருந்தது. காவடித் தண்டில் குடங்களைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வருதல் வேண்டும். வீடுகள் எழும்வரை அனைவரும் கூடாரங்களில் தங்கினர். தகரக் கூரையிட்ட நீண்ட கட்டடங்கள் ஆடவருக்கும் பெண்டிருக்கும் தனித்தனியே எழுந்தன. வேலைகளைப் பொறுத்தவரை பண்ணையில் வழங்கிய நெறி ஒன்று உண்டு. ஆசிரியர் தாம் செய்யாத எதனையும் மாணாக்கரைச் செய்யுமாறு ஏவுதல் கூடாது. குழி தோண்டச் சிறுவர்களை அழைத்தால், ஆசிரியர் ஒருவர் அவர்களோடு குழியில் இறங்கித் தோண்டிக்கொண்டிருப்பார். மரம் வெட்டவும் சுமை தூக்கவும் அவ்வாறே. சோம்பியிருக்க விரும்பிய சிறுவரும் சிலர் இருந்தனர். சில வேளைகளில் வேலையை ஏய்த்தவரும் உண்டு. ஆயினும் பெரும்பாலோர் விருப்பத்தோடே உழைத்தனர் என்று காந்தியடிகள் குறித்துள்ளார்.

தூய்மையில் அப்பண்ணை தனிச்சிறப்புடையதாக விளங்கியது. குப்பை யாவும் அதற்கென வெட்டிய குழிகளில் புதைக்கப்பட்டன. வழிகளில் நீரைக் கொட்டுதல் கூடாது; கழுவிய நீர் வாளிகளில் சேர்க்கப்பட்டு மரங்களுக்கு ஊற்றப்பட்டது. உணவு மிச்சமும் காய்கறித் தோலும் எருவாயின. மனிதக் கழிவுக்கென வீட்டருகே ஒன்றரை அடி ஆழத்தில் சதுரக் குழி வெட்டி, தோண்டிய மண்ணால் அதனை நன்கு மூடிவிடுவர். ஆகவே நாற்றம் எழவில்லை, ஈக்களும் மொய்க்கவில்லை. டர்பனில் ஒரு கலத்தின் பொருட்டுக் கூச்சலிட்ட அதே மனிதர், இங்கே எவர்மீதும் குரல் உயர்த்தாமல் இத்தனையும் நிகழச் செய்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

செருப்புத் தைக்கும் தொழில் பண்ணைக்கு வந்த வகையும் சுவையானது. மேரியன்ஹில் என்னும் இடத்தில் இருந்த கிறித்தவத் துறவியர் மடத்துக்குக் காலன்பாக் நேரில் சென்று அத்தொழிலைக் கற்று வந்தார். அவரிடம் காந்தியடிகள் கற்றார். அவரிடம் பிறர் கற்றனர். பெருமாளிகைகளுக்கு வரைபடம் தீட்டிப் பெரும்பொருள் ஈட்டிய ஒருவரும், நீதிமன்றத்தில் வழக்காடிய பாரிஸ்டர் ஒருவரும் தோலும் ஊசியுமாகத் தரையில் அமர்ந்திருப்பதைக் கண்ட சிறுவர்களுக்கு, தொழிலில் உயர்வு தாழ்வு இல்லை என்று தனியே ஒரு பாடம் நடத்த வேண்டிய தேவை இருந்திராது. பண்ணையின் பொதுவேலையாக நகரத்துக்குச் செல்வோர் ரயிலில் மூன்றாம் வகுப்பில் செல்லலாம். தம் சொந்த விருப்பத்தால் செல்வோர் 21 மைலும் நடந்தே செல்ல வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. காந்தியடிகளும் இருள் பிரியுமுன் எழுந்து, கட்டுச்சோற்றோடு பலமுறை நடந்து சென்றார்.

பிற்பகலில் பள்ளி கூடும். காலை முழுதும் உடலுழைப்பு, நண்பகலில் உணவு, அதன்பின் பாடம். ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உறக்கம் கண்ணைச் சுழற்றும். முகத்தில் நீர் தெளித்துக்கொண்டு பாடத்தைத் தொடர்வர். தமிழ்ச் சிறுவர் பலர் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். வீட்டில் பேசும் தமிழ் தெரியுமேயன்றி, எழுத்து அறியார். அவர்களுக்குத் தமிழ் எழுத்தும் இலக்கணத்தின் தொடக்கமும் கற்பித்தவர் காந்தியடிகளே! கப்பற் பயணத்திலும் சிறையிலும் போப்பையரின் தமிழ்க் கையேட்டைக்கொண்டு அவர் தமிழ் பயின்றிருந்தார். அதற்குமேல் அவர் தமிழறிவு செல்லவில்லை. பேச்சுத் தமிழில் மாணவர்கள் அவரை எளிதில் வென்றுவிடுவர். ஆங்கிலம் அறியாத தமிழர்கள் அவரைக் காண வந்தால், அச்சிறுவர்களே நடுவில் நின்று மொழிபெயர்ப்பர். தம் அறியாமையை மாணவரிடமிருந்து மறைக்க அவர் ஒருபோதும் முயலவில்லை. தெரியாததைத் தெரியாது என்று கூறும் ஆசிரியரைக் கண்ட சிறுவர்களிடம் அவர்பால் இருந்த அன்பும் மதிப்பும் குன்றவில்லை.

நோன்புக் காலம் வந்தது. முஸ்லிம் இளைஞர் தம் சமய நெறிப்படி நோன்பு நோற்க வேண்டும் என்று காந்தியடிகள் ஊக்கினார். சிறு தொகையினரான அவர்கள் தனித்துப் பசித்திருத்தல் ஆகாது என்று எண்ணி, ஏனையோரும் அவர்களுக்குத் துணையாக நோன்பிருக்கலாம் என்றார். இந்துக்களும் பார்சிகளும் கிறித்தவர்களும் அதனை வரவேற்றனர். முஸ்லிம்கள் கதிரவன் மறையும்வரை காத்திருப்பர். மற்றையோர் சற்று முன்னரே உண்டுவிட்டு, முஸ்லிம் தோழர்களுக்குச் சுவையான உணவு சமைத்துப் பரிமாறுவர். பிற சமயத்தை மதிக்க வேண்டும் என்னும் சொற்பொழிவு எதுவும் இச்சமையலுக்கு ஈடாகாது.

இவ்வாறெல்லாம் இருப்பினும், அடிகளின் பொறுமை ஒருமுறை தவறியது. பதினேழு வயதுடைய இளைஞன் ஒருவன் பண்ணையில் இருந்தான். பொய் பேசுவான், எவரோடும் சண்டையிடுவான், எத்துணை எடுத்துரைப்பினும் கேளான். ஒருநாள் அவன் செயல் எல்லை கடந்தது. காந்தியடிகள் அருகில் கிடந்த அளவுகோலை எடுத்து அவன் கையில் ஓங்கி அடித்தார். அடிக்கும்போதே அவர் உடல் நடுங்கியது. இளைஞன் அழுது மன்னிப்பு வேண்டினான். கட்டுடல் படைத்த அவன் எண்ணியிருந்தால் திருப்பி அடித்திருக்க முடியும். அவன் அழுதது நோவினால் அன்று. அடித்தவர் படும் துன்பத்தைக் கண்டே அழுதான். அதன்பின் அவன் கீழ்ப்படியாமல் நடக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் காந்தியடிகள் அதனைத் தம் வெற்றியாகக் கொள்ளவில்லை. தம் உள்ளிருந்த விலங்குத்தன்மையையே அன்று வெளிக்காட்டியதாக வருந்தினார். மாணாக்கரை உடலால் தண்டிக்கும் முறையை அறவே கைவிட்டார். அடித்தால் அடங்குவர் என்போர் அவ்விளைஞன் அடங்கியதை மட்டுமே காண்பர்.

குறும்பு மிக்க சிறுவர்களோடு காந்தியடிகளின் மைந்தர்களும் கலந்து பழகுவதைக் காலன்பாக் விரும்பவில்லை. தீயோர் சேர்க்கையால் நல்லோரும் கெடுவர் என்று அவர் அஞ்சினார். அச்சிறுவர்கள் தம் அழைப்பை ஏற்று வந்தவர்கள் என்பதால் அவர்களை அனுப்பிவிடவும் இயலாது, தம் மக்களை உயர்ந்தோராகப் பிரித்து வைக்கவும் இயலாது என்பது அடிகளின் விடை.

1912இல் கோபால கிருஷ்ண கோகலே தென்னாப்பிரிக்கா வந்தார். காந்தியடிகள் தம் அரசியல் ஆசானாக மதித்த பெரியார் அவர்; உடல்நலம் குன்றியவர். லாலி நிலையத்திலிருந்து பண்ணைக்கு அவர் நடந்தே வர நேர்ந்தது. வழியில் மழையும் குளிரும் தாக்கின. பண்ணையில் அனைவரும் தரையில் படுப்பது வழக்கம். கோகலேக்கு மட்டும் கட்டில் ஒன்று கொண்டுவரப்பட்டது. மற்றவர் யாவரும் தரையில் படுப்பதைக் கண்ட அவர், கட்டிலை அகற்றச் செய்து, தம் படுக்கையையும் தரையிலேயே விரிக்கச் செய்தார். அவரைத் தரையில் படுக்குமாறு எவரும் கேட்கவில்லை. வேண்டா என்று தடுத்தவர்களே இருந்தனர். பண்ணையின் வழக்கத்தை ஓரிரவிலேயே கற்றுக்கொண்ட புதியவர் அவர்தாம்.

1913ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பண்ணை கலைந்தது. எஞ்சியிருந்தோர் பீனிக்ஸ் சென்றனர். அவ்வாண்டில் போராட்டம் மீண்டும் மூண்டது. கிறித்தவ முறையில் நிகழாத திருமணங்கள் செல்லா என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளர்மீது 3 பவுன் வரியும் நீங்காதிருந்தது. பெண்டிரும் சிறை செல்ல வேண்டிய வேளை வந்தது. காந்தியடிகள் பீனிக்ஸில் இருந்த பிற பெண்டிரிடம் பேசினார். தம் மனைவியிடம் மட்டும் பேசவில்லை. தாம் கேட்டால் அவர் மறுக்க மாட்டார். பின்னர்ச் சிறையில் மனம் தளரின், அது ஏவியதனால் வந்த துன்பமாகும் என்று எண்ணினார். அப்பேச்சு கஸ்தூரிபாவின் செவியில் விழுந்தது. தம்மைக் கேட்காததற்குத் தம்மிடம் உள்ள குறை யாது என்று அவரே வந்து வினவினார். செப்டம்பர்த் திங்களில் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்ற பதினாறு பேரில் அவரும் ஒருவர். 1898இல் கையைப் பற்றி வாயிலுக்கு இழுத்தவர், 1913இல் கேளாதிருந்தார். அம்மையார் தாமே வாயிலைக் கடந்தார்.

டால்ஸ்டாய்ப் பண்ணையில் வாழ்ந்த பெண்டிர் பதினொருவர் மறு திசையில் எல்லை கடந்தனர். ஒருவர் நீங்கலாக அனைவரும் தமிழ்ப் பெண்டிர். அவருள் தம்பி நாயுடுவின் மனைவியாரும் ஒருவர். கைக்குழந்தையோடு சென்ற தாய்மாரும் உண்டு. நேட்டாலில் நியூகாசில் என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்த இந்தியத் தொழிலாளரிடையே சென்று, 3 பவுன் வரியின் கொடுமையை அவர்கள் எடுத்துரைத்தனர். சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அப்பெண்டிருக்கும் மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டது. மேடையேறிப் பேசும் பயிற்சி அவர்களுக்கு இல்லை. பண்ணையில் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ட பழக்கமே, முன்பின் அறியாத தொழிலாளரைத் தம்மவராக எண்ணிப் பேசும் துணிவை அளித்திருத்தல் கூடும்.

1914இல் போராட்டம் முடிய, காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டு, 1915 ஜனவரியில் இந்தியா வந்தார். அவ்வாண்டு மே மாதத்தில் அகமதாபாத் அருகே கோச்ரப் என்னும் இடத்தில் ஆசிரமம் தொடங்கினார். ஆடவரும் பெண்டிருமாக ஏறத்தாழ இருபத்தைவர் அங்கிருந்தனர். அவருள் பதின்மூவர் தமிழர் என்பது நாம் அறிந்து மகிழத்தக்கது. சில மாதங்களில் தூதாபாய் என்னும் ஆசிரியர், தம் மனைவி தானிபென்னோடும் லட்சுமி என்னும் குழந்தையோடும் ஆசிரமத்தில் சேர விரும்பினார். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குடும்பம் அது. காந்தியடிகள் அவர்களை ஏற்றுக்கொண்டார். உடனே பொருளுதவி நின்றது. கிணற்றில் நீரிறைப்பவர், ஆசிரமத்தார் வாளியிலிருந்து தெறிக்கும் துளி தம்மேல் படின் தீட்டாம் என்று வசை பொழிந்தார், தூதாபாயையும் துன்புறுத்தினார். வசைக்கு மறுமொழி கூறாமல் நாள்தோறும் நீரெடுத்து வருமாறு காந்தியடிகள் அனைவரிடமும் கூறினார். வைதும் விடை பெறாத அம்மனிதர் சில நாளில் தாமே நாணி ஓய்ந்தார்.

வெளியார் ஓய்ந்தனரேயன்றி உள்ளிருந்தோர் மனம் உடனே மாறிவிடவில்லை. கஸ்தூரிபா அம்மையாரும் வேறு சில பெண்டிரும் தானிபென்னிடம் முகங்கொடுத்துப் பழகவில்லை. சிறைக்கு அஞ்சாத உள்ளமும் பிறவிப் பழக்கத்தின்முன் தயங்கியது. காந்தியடிகளுக்கு இது பணமின்மையினும் பெருந்துன்பமாயிற்று. ஆயினும் டர்பனில் நிகழ்ந்தது இங்கே நிகழவில்லை. சிறு அவமதிப்புகளைப் பொறுத்துக்கொள்ளுமாறு தூதாபாயிடம் வேண்டினார், அவரும் பொறுத்தார், தம் மனைவியையும் பொறுக்கச் செய்தார். கற்பிக்கும் சுமையில் பெரும்பகுதியைப் புதிதாக வந்த அக்குடும்பமே தாங்க நேர்ந்தது என்பதையும் கூறாதிருத்தல் நேர்மையாகாது. ஆசிரமக் கையிருப்பு முற்றும் தீர்ந்த வேளையில், அகமதாபாத்துச் செல்வர் ஒருவர் காரில் வந்திறங்கி 13,000 ரூபாயைக் காந்தியடிகள் கையில் அளித்துச் சென்றார். பிற்காலத்தில் குழந்தை லட்சுமி அவ்வில்லத்தின் மகளாகவே வளர்ந்தாள்.

அடுத்த ஆண்டு, 1916 ஜூன் 7ஆம் நாள், இருபது வயது இளைஞர் ஒருவர் கோச்ரப் ஆசிரமத்துக்கு வந்தார். இமயம் சென்று தவம் புரியலாமா, நாட்டு விடுதலைக்கு உழைக்கலாமா என்று உள்ளம் ஊசலாட, காசியிலிருந்து வந்தவர் அவர். பின்னாளில் பூதான இயக்கத்துக்காக நாடெங்கும் நடந்த வினோபா பாவே அவரே. நாட்டுத் தலைவர் ஒருவரைக் காணப்போகும் எண்ணத்தோடு உள்ளே சென்ற அவர், காந்தியடிகள் சமையற்கட்டில் அமர்ந்து காய்கறி நறுக்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். காந்தியடிகள் அவர் கையிலும் ஒரு கத்தியைக் கொடுத்தார். காய்கறி நறுக்கும் கத்தியை வினோபா கையில் பிடித்தது அதுவே முதன்முறை.